முப்பத்திரண்டு வாரத்துக்குள்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நீ கர்ப்பமாக இருக்கும் செய்தி கேட்டு நான் உட்கார்ந்து அழுததாகவும், "பிள்ளை பிறக்கும்வரை அவளை விமானம் ஏற விடமாட்டேன்" என்று சொன்னதாகவும் என் நாத்தனார் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அழவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நாலு மணிக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். அவள் சரியாக நாலு மணிக்குக் கதவைத் தட்டினாள்.

"ஐயோ அண்ணி, அழாதீங்க!"

"அழலடி. மருந்து."

"ஆமா, மனசுக்கு ஏது மருந்து?" என்று தானும் இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனாள்.

விமானம் பற்றி நான் அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அது அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ண வேண்டியது." இதை உன் கணவனிடமும் சொல். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு போன வாரம் அவன் தொலைபேசியில் என்னிடம் கத்தினான். கடல் தாண்டிப் போய் கிரேன் ரிப்பேர் செய்கிறவனுக்கு, பெற்றவளிடம் எந்தக் குரலில் பேசுவது என்பது மறந்துவிட்டது போலிருக்கிறது. இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டேன். என் காதும் முன்போல இல்லை. இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

நீ அனுப்பிய படிவத்தின் நகலை இரண்டு முறை படித்தேன். அந்த நாட்டு அலுவலகம் கேட்பது இதுதான்: குடியேறப் போகிறவர்கள் எல்லோரும் மார்பு எக்ஸ்ரே காட்ட வேண்டும். கர்ப்பிணிக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் குறியிட்டால் வயிற்றுக்கு ஈய மறைப்புப் போட்டு இப்போதே படம் எடுப்பார்கள். காகிதங்கள் சீக்கிரம் வரும். பிரசவம் அங்கே, அவன் பக்கத்தில். இரண்டாவதில் குறியிட்டால் எக்ஸ்ரே பிரசவத்துக்குப் பிறகு. குழந்தை இங்கே பிறக்கும். அதற்கும் தனியாக விண்ணப்பம் போட்டு, ஒரு வருஷம் போலக் காத்திருந்து, இருவரும் போக வேண்டும்.

"முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்ரே ரூம்ல நின்னவங்க நீங்க. நீங்க சொல்றபடி செய்றேன்" என்று எழுதியிருக்கிறாய்.

என் பதில்: எடுக்காதே. மறைப்புப் போட்டாலும் கதிர் சிதறும். கர்ப்பத்தில் அது ஆபத்து. இரண்டாவது கட்டத்தில் குறியிடு.

இதை மாமியாராக எழுதவில்லை, பயிற்சி பெற்ற ரேடியோகிராபராக எழுதுகிறேன். ஆகவே கையெழுத்துக்குக் கீழே என் பதிவு எண்ணையும் குறித்திருக்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே.

உன் அத்தை


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மருத்துவப் பரிசோதனைக்கு எடுத்துப் போனேன். நல்ல வேளை. அந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நான் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"யாரும்மா சொன்னாங்க, ஆபத்துன்னு?"

"என் மாமியார். எக்ஸ்ரே ரூம்ல முப்பத்து நாலு வருஷம்."

"எந்தக் காலத்து டெக்னீஷியன் அவங்க?"

"டெக்னீஷியன் இல்ல சார், ரேடியோகிராபர். உங்களுக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே படம் எடுத்தவங்க."

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர் முகம் சுருங்கிப்போய், "உங்க இஷ்டம்" என்று முத்திரை குத்திவிட்டார். என் கோப்பு 'பிரசவத்துக்குப் பின்' என்று எழுதிய அடுக்குக்குப் போய்விட்டது. அந்த அடுக்கு சுவர் உயரம் இருக்கிறது அத்தை.

உங்கள் மகன் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டு, "அம்மா எழுதிட்டா வேதவாக்கா?" என்றார். "வேதவாக்குக்குப் பதிவு எண் கிடையாது. இதுக்கு இருக்கு" என்றேன். அவருக்குக் கோபம் என்மேல் இல்லை, தூரத்தின்மேல். அங்கே இரண்டு அறை வீடு பிடித்து, ஜன்னல் பக்கம் ஒரு மூலையை அளந்து வைத்திருந்தாராம்.

எங்கள் தையல் யூனிட்டில் செய்தி பரவி எல்லோரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள். பட்டன் வைக்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள், பட்டன் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "எங்க பொறந்தா என்னடி? அழறதுக்கு விசாவா கேக்கப்போறாங்க?" என்றாள். நான் வெட்டு மேஜையில் நாள் முழுக்க நின்றுகொண்டு பள்ளிச் சீருடை வெட்டுகிறேன். வயிறு மேஜை விளிம்பில் இடிக்க ஆரம்பித்துவிட்டது. சூப்பர்வைசர் ஒரு முக்காலி கொடுத்திருக்கிறார். அதில் உட்கார்ந்தால் துணி எட்டவில்லை, நின்றால் கால் வீங்குகிறது.

பிரசவத்துக்கு உங்களிடம்தான் வருவேன். எனக்கு அம்மா இல்லாத குறையை இப்போதுதான் உணர்கிறேன் என்று எழுத நினைத்தேன். எழுதினால் நீங்கள் 'மிகை' என்று ஓரத்தில் குறிப்பீர்கள். எழுதிவிட்டேன், பரவாயில்லை.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 24

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. என் பொருட்டு நீ யாரிடமும் வாதாட வேண்டாம். டாக்டரிடம் நீ சொன்ன பதில் சாமர்த்தியமானது, ஆனால் மரியாதையானது அல்ல. அவர் படித்தவர். அவரும் யோசித்துத்தான் கேட்டிருப்பார்.

முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அலமாரியை நகர்த்தினால் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடம் வருகிறது. நாடா வைத்து அளந்தேன். பெயின்டர் "பேரனா பேத்தியாம்மா?" என்று கேட்டான். "சுவரைப் பாருப்பா, அங்க ஒரு திட்டு விட்டுப்போச்சு" என்றேன்.

நாலு நாள் பேசாமல் இருந்தவனைக் கண்டிக்க வேண்டாம். ஜன்னல் பக்கம் மூலையை அளந்தான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

முக்காலியின் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து உயர்த்தச் சொல்.

இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். தாள் முடிந்துவிட்டது.

உன் அத்தை


மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

தாள் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்ததே அத்தை? ஒரு தாளை இரு பக்கமும் எழுதி ஓரத்திலும் எழுதுகிற ஆள் நீங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே நிலைமை சரியில்லை. உங்கள் மகன் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். அவர் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு வருஷம் முடியும் முன் விலகினால் அந்தத் துறைமுகம் மறுபடி எடுத்துக்கொள்ளாது. குடியேற்ற அனுமதியும் அந்த வேலையோடு கட்டியது. வந்தால் வந்ததுதான். நேற்று ஒரு மணி நேரம் பேசினோம்.

"பிள்ளை பிறக்கும்போது நான் இல்லாம எப்படி?"

"இருந்து என்ன பண்ணப்போறீங்க? கிரேன் வெச்சா தூக்கப்போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "ராஜினாமா கடிதம் எழுதிட்டேன். மாசக் கடைசியில கொடுக்கறேன்" என்றார்.

நான் அவரைத் தடுப்பதா, வரச் சொல்வதா என்று தெரியவில்லை. இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று தோன்றியது. கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் யூனிட்டில் ஒரு பெண் போன வருஷம் ஆறு மாதக் கர்ப்பத்தில் நிமோனியா வந்து மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். அவள் பிள்ளை இன்றைக்கு யூனிட் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஒரு பிள்ளையை வைத்து முடிவு கட்ட முடியாது, அது எனக்கே தெரியும். ஒத்திவைத்ததை ரத்து செய்யவும் ஒரு படிவம் இருக்கிறதாம். நான் இன்னும் வாங்கவில்லை.

நீங்கள் நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் கேட்கமாட்டேன். அவரை வரச் சொல்லிவிடுவேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 12

மருமகளுக்கு,

உன் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. இதை இன்றைய தபாலிலேயே சேர்க்க வேண்டும். ஆகவே நயமாக எழுத நேரமில்லை.

பிப்ரவரி 9 அன்று நான் உனக்கு எழுதிக் கொடுத்தது தவறு. தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தே எழுதினேன்.

மார்பு எக்ஸ்ரேயின் கதிர் மார்போடு நின்றுவிடும்படி குறுக்க முடியும். வயிற்றுக்கு ஈய ஏப்ரன் கட்டினால் குழந்தைக்குப் போய்ச் சேருவது, நாம் சும்மா நடமாடும்போது மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் உடம்பில் சேருவதைவிடக் குறைவு. அந்த டாக்டர் சொன்னது சரி. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். முகவரி அனுப்பு, எழுதுகிறேன்.

படிவத்தை வாங்கு. நீ சம்மதித்தால் படம் எடுத்துக்கொள். முன்னும் பின்னும் இரண்டு ஏப்ரன் கேள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும்போது அசையாதே, ஒரே படத்தில் முடியட்டும். என் மகனிடம் ராஜினாமாவைக் கிழிக்கச் சொல்.

இனி, ஏன் என்பது.

உன் கணவனுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவனுக்கே தெரியாது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் நான் ஒருத்திதான் பெண். கர்ப்பம் என்று தெரிந்தால் பெயர் பதியும் ஜன்னலுக்கு மாற்றிவிடுவார்கள். திரும்பி வரும்போது என் மெஷினில் வேறொருவன் நிற்பான். ஐந்து மாதம்வரை மறைத்தேன். அது பழைய மெஷின். விளக்கை அணைத்துவிட்டு, படம் ஒளிரும் திரைக்குப் பக்கத்தில் நின்று, அடங்காத குழந்தைகளை நானே கையால் பிடித்துக்கொள்வேன். ஏப்ரனில் வெடிப்பு இருந்தது.

நாங்கள் எல்லோரும் மார்பில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வோம். உள்ளே ஒரு துண்டு பிலிம். மாதம் முடிந்ததும் அதை அனுப்பினால் நம்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து எழுதி அனுப்புவார்கள். அளவு கூடினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கர்ப்பம் தெரியும். அந்த ஐந்து மாதமும் பேட்ஜைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். இழுப்பறையின் அளவு என் பெயரில் பதிவானது. மிகக் குறைவு. மேலதிகாரி என்னைப் பாராட்டினார்.

குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்தது. பதினோரு மணி நேரம் இருந்தது. கதிரால்தானா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. எவ்வளவு பட்டது என்று தெரிந்தால் அல்லவா சொல்வார்கள்? அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். உன் மாமனார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்ஜ் விஷயம் அவருக்குத் தெரியாது. அவர் இறக்கும்வரை நான் சொல்லவில்லை.

இதைப் படித்தால் உன் மனம் இளகும் என்று எனக்குத் தெரியும். இங்கேயே நிறுத்தினால் நான் நல்லவளாகவும் தெரிவேன். ஆகவே மிச்சத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. உன் கேள்வி வந்த அன்று அவளை நினைத்தேன், உண்மை. ஆனால் அவளுக்கு முன் நான் நினைத்தது முன்னறையை. பிள்ளை இங்கே பிறந்தால் காகிதம் வர ஒரு வருஷம் ஆகும், அதுவரை இந்த வீட்டில் இருக்கும் என்று விரல்விட்டு எண்ணினேன். தவழும், எழுந்து நிற்கும், ஒருவேளை நடக்கும். எண்ணி முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். செத்துப்போன குழந்தையை அந்தப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்த எனக்கு உரிமையில்லை.

என் நாத்தனார் சொல்லித் திரிந்தது கண்ணீர் விஷயத்தில் பொய். மற்றதில் உண்மை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், அவளைப் பிடிக்க முடியாது.

வாழ்நாளில் இரண்டு முறை பொய்யான பதிவு கொடுத்திருக்கிறேன். இரண்டும் வயிற்றுப் பிள்ளை விஷயத்தில். இந்தக் கடிதத்துக்குக் கீழே பதிவு எண் போட எனக்குக் கை வரவில்லை. ஆனால் மேலே எக்ஸ்ரே பற்றி எழுதியது சரி. என்னை நம்பாதே, அந்த டாக்டரைக் கேட்டு உறுதி செய்துகொள்.

உன் மாமியார்


ஏப்ரல் 2

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். மணி அடித்ததும் மேஜைக்குப் போய் மெஷின் கத்தியைப் பிடித்தேன். நாற்பது அடுக்குத் துணி. கத்தி கோட்டைவிட்டு ஒரு விரற்கடை உள்ளே போய்விட்டது. நாற்பது சட்டைக்கு நாற்பது இடது கை வீண். ஏழு வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. சூப்பர்வைசர் திட்டவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

மறுநாளே படிவம் வாங்கினேன். டாக்டரிடம் போய் நின்றேன். அவர் குத்திக்காட்டுவார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர், "உட்காருங்கம்மா, கால் வீங்கியிருக்கு" என்றார். அங்கேதான் அழுதேன். என்னுடையது சொட்டு மருந்து இல்லை.

மார்ச் 20 அன்று படம் எடுத்தாகிவிட்டது. முன்னும் பின்னும் இரண்டு ஏப்ரன். ஒரே படம். எவ்வளவு கனம் அது! அந்தக் கனத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் முப்பத்து நாலு வருஷம் நின்றதை நினைத்தேன். நினைத்ததும் கோபம் இன்னும் கூடியது. ஏனென்றால் உங்களுக்குத் தெரியும். தெரியாத யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

நான் உங்களுக்காக ஒரு டாக்டரிடம் வாய்க்கு வாய் பேசினேன். என் புருஷனிடம் சண்டை போட்டேன். "உங்க அம்மாவை எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். அவர் இன்னும் பத்து நாள் பொறுக்காமல் ராஜினாமாவைக் கொடுத்திருந்தால்?

இதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் மிச்சத்தையும் எழுதியதால். பிப்ரவரியில் 'எடுக்காதே' என்று உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அங்கே போய், வலியில் கத்தும்போது என் பேச்சு ஒருத்திக்கும் புரியாத அறையில் படுத்திருப்பதை நினைத்து நான் பல நாள் தூங்கவில்லை. அதை உங்கள் மகனிடம் சொல்லப் பயம். உங்கள் கடிதம் கிடைத்ததும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். 'நான் வரமாட்டேன்' என்று சொல்ல வேண்டியதை, 'அத்தை வேண்டாம் என்கிறார்கள்' என்று சொன்னேன். பொய் உங்களுடையது. அது எனக்கு வசதியாக இருந்தது. பட்டன் அக்காவிடம் மட்டும் இதைச் சொன்னேன். "நல்ல மாமியார், நல்ல மருமக. ஒரு பொய்யை ரெண்டா கிழிச்சுப் போத்திக்கிட்டீங்க" என்றாள்.

இப்போது இருபத்தாறு வாரம். விமானத்தில் முப்பத்திரண்டு வாரம் தாண்டினால் ஏற்றமாட்டார்கள். அதற்குள் காகிதம் வந்தால் போவேன். வராவிட்டால் இங்கே பிரசவம், உங்கள் வீட்டிலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதுவானாலும் நான் முடிவு செய்வேன். என் வயிற்றைப் பற்றி இனி நீங்கள் எந்த அபிப்பிராயமும் எழுத வேண்டாம்.

உங்கள் மகனிடம் நான் எதையும் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை நீங்கள் சொல்ல வேண்டும். எழுத்தில் வேண்டாம். அவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் மறுமுனையில் இருக்க வேண்டும்.

மருமகள்


ஏப்ரல் 7

மருமகளுக்கு,

நீ எழுதியது அத்தனையும் நியாயம்.

தொலைபேசியை நேற்று மறுபடி இணைத்தேன். காதுக் கருவியையும் போட்டுக்கொண்டேன். அதில் எல்லோர் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அவன் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி உனக்கு எழுதுகிறேன். அவன் உன்னிடம் எப்படிச் சொன்னானோ தெரியாது.

முதலில் என் பொய்யைச் சொன்னேன். "தெரியும்மா" என்றான்.

"மருமக சொன்னாளா?"

"இல்ல. நீ எழுதினதை அவ படிச்சுக் காட்டினப்பவே தெரியும். நீ எதையும் எழுதறதுக்கு முன்னாடி 'என் அனுபவத்தில்'னு நாலு உதாரணம் சொல்லுவ. அதுல ஒண்ணுகூட இல்ல."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்கிட்ட 'பொய் சொல்ற'ன்னு எப்படிம்மா சொல்றது? அதான் கத்தாம இருந்தேன். அவகிட்டகூட நாலு நாள் பேசவே இல்ல" என்றான். ஒரு முறை கத்தியதற்கு நான் இணைப்பைப் பிடுங்கிய தண்டனை அவனுக்கு அப்படிப் பட்டிருக்கிறது.

பிறகு மூத்தவளைப் பற்றிச் சொன்னேன். பேட்ஜ் விஷயத்தையும். கருவியில் கோளாறோ என்று தட்டிப் பார்த்தேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா."

வெகு நேரம் கழித்து, "எவ்வளவு எடை இருந்தா?" என்று கேட்டான். நாள் முழுக்க எடை தூக்கும் கிரேன்களோடு இருப்பவன், அவனுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"தெரியாதுப்பா. நான் கேட்கல. காட்டறோம்னாங்க, வேண்டாம்னுட்டேன்."

"நீயா? நீயா கேட்கல?"

அப்புறம், "சாப்பிட்டியாம்மா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. வைத்த பிறகு மறுபடி கூப்பிட்டு, "இல்லை, இனிமேல்தான்" என்று திருத்தினேன். சிரித்தான்.

டாக்டருக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. படித்துவிட்டுக் கொடு.

உன் வயிற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

உன் மாமியார்


ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கு,

காகிதம் வந்துவிட்டது. முந்தாநாள் நாலு மணிக்குத் தபால்காரர் யூனிட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது பட்டன் அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "போட்டோவுல நீ திருடி மாதிரி இருக்கடி, எப்படி விடறாங்க?" என்றாள். அதற்குப் பிறகு பாத்ரூமுக்குப் போய் வெகு நேரம் வரவில்லை.

மே 8 மதியம் விமானம். அன்றைக்கு முப்பத்தொரு வாரமும் நாலு நாளும். டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அதே டாக்டர்தான். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இதை நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டு இழுப்பறையில் வைக்கப் போனவர், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேட்ஜ் கதை அவருக்கு நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதனால் என்று நினைக்கிறேன்.

பிரசவத்துக்கு முன்னாலா பின்னாலா என்று மூன்று மாதம் எல்லோரும் பேசித் தீர்த்தார்கள். கடைசியில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு போவது என்று முடிவு செய்தேன். பயம் போகவில்லை. பயத்தை உங்கள் மகனிடம் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய், வலிக்கும்போது சொல்ல வேண்டிய பத்து வார்த்தைகளை எழுதி வாங்கி வந்திருக்கிறார். தினமும் எனக்கு ஒப்பிக்கிறார். அவர் வாயில் அது கிரேன் கிரீச்சிடுவதுபோல் இருக்கிறது.

வழியனுப்ப யாரும் வர வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அழுதுகொண்டே வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

கோபம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முழுதாகப் போகவில்லை. ஆனால் 'அன்புள்ள' என்று எழுதிவிட்டுத்தான் அதைக் கவனித்தேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 30

அன்புள்ள மருமகளுக்கு,

உன் முடிவு கிடைத்தது. என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

முன்னறையை ஒரு மாணவிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நர்ஸிங் படிக்கிறாள், சத்தம் போடமாட்டாள் என்று சொன்னாள், போடுகிறாள். என் நாத்தனார் வந்து, "மருமக உங்களை விட்டுட்டுப் போறாளாமே அண்ணி?" என்றாள். "விட்டுட்டுப் போகல, புருஷன்கிட்ட போறா. அவளை நிறுத்தி வைக்கப் பார்த்தது நான்தான், நீ சொன்னது சரி" என்றேன். பாவம், கையிலிருந்த பையைக்கூட மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

வழியனுப்ப வர வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்குத் தனியாக எழுதவில்லை. அந்த எல்லோரில் நானும் உண்டா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்குச் சாதகமாக ஊகித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அப்படி ஊகிக்கும் உரிமையை இழந்துவிட்டேன்.

எட்டாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு இங்கிருந்து ஒரு ரயில் இருக்கிறது. பத்து மணிக்கு அங்கே வந்துவிடலாம். வந்தால் பெட்டி தூக்க என்னால் முடியாது. வரிசையில் உன் பக்கத்தில் நிற்பேன். உனக்குக் கால் வலித்தால் உன் இடத்தில் நான் நிற்கிறேன், நீ உட்காரலாம். அழமாட்டேன் என்று உறுதி கொடுக்க முடியாது, முயற்சி செய்வேன். நீ உள்ளே போன பிறகு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன்.

வர வேண்டாம் என்றால் வரமாட்டேன். காரணம் கேட்கமாட்டேன், மகனிடம் முறையிடமாட்டேன்.

தொலைபேசியில் சொல்லாதே. என் குரலைக் கேட்டால் நீ இரக்கப்பட்டு "வாங்க" என்றுவிடுவாய். எழுதும்போது யோசித்து எழுதுவாய்.

நான் வரட்டுமா, வேண்டாமா? ஆறாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி ஒரு வரி எழுதிப் போடு.

உன் அத்தை